தீட்டுப்பட்ட பெட்டி

எங்கள் வீட்டுப் பரண்மீது இரண்டு பெட்டிகள் கிடந்தன. ஒட்டுப்பலகையால் செய்தவை, ஒவ்வொன்றும் இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம், முகத்திலே கறுப்புத் துணி, முதுகிலே கம்பி முடுக்கும் இரண்டு திருகுகள். ஒன்று ஊமை, மற்றொன்று உளறுவாய். ஊமைப் பெட்டிக்கு எங்கள் வீட்டார் இட்ட பெயர் 'தீட்டுப்பட்ட பெட்டி'. தீட்டுப்படுத்தியவள் யார் தெரியுமா, தோழர்களே? இந்தக் கட்டுரையோடு உங்கள்முன் நிற்கும் நான்தான்!

நான் பள்ளியிலே வரலாறு கற்பிப்பவள். பட்டத்துக்குப் படித்ததும் வரலாறே. மின்சாரத்தைப் பற்றி, இரண்டு திங்களுக்கு ஒருமுறை கட்டணம் கட்டவேண்டும் என்பதற்குமேல் ஏதும் அறியாதவளாகத்தான் அண்மைக்காலம்வரை இருந்தேன். அப்படிப்பட்டவள் ஒலிபெருக்கி பழுதுபார்த்த கதையை எழுதப் புகுந்தது ஏன் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்பதுதானே நமக்குப் பழக்கம்!

என் தந்தை மைக் செட் வைத்திருந்தவர். திருச்சிக்கு வடக்கே எங்கள் சிற்றூர். சுற்றிலும் 20 ஊர்களில் காதணி விழாவா, கல்யாணமா, கட்சிக் கூட்டமா, கோயில் கொடையா, தெருமுனைப் பேச்சா, எதுவாயினும் தென்னை மரத்திலே குழாய் கட்டியவர் அவர்தான். மேடையிலே இருப்போர் மாறுவர், மேடைக்குப் பின்னாலே முக்காலியில் குந்தியிருக்கும் அவர் மாறார். ஊருக்கெல்லாம் உரத்த குரல் கொடுத்தவர், தமக்காக ஒரு சொல் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

பரணிலிருந்த பெட்டிகள் குழாய் வகையல்ல. 1991இல் மூடப்பட்ட டூரிங் டாக்கீஸ் ஒன்றிலிருந்து அவர் கடன் வாங்கிக் கொண்டுவந்தவை. உள்ளே 12 அங்குல அகலத்தில் தாள்கூம்பு வைத்த ஒலிபெருக்கிகள். குழாய் கத்தும், இந்தப் பெட்டி பாடும். நாகசுரக் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் இவற்றைத்தான் எடுத்துச் செல்வார். பெற்ற பிள்ளையைவிடப் பேணினார் என்று சொன்னால், பெற்ற பிள்ளையாகிய நான் மறுக்கமாட்டேன்.

2012ஆம் ஆண்டு, ஆனித் திங்கள். எனக்கு வயது 13. கடைக்கு அப்பாவின் சாப்பாட்டைக் கொண்டுபோனேன். வைக்க இடமில்லாமல் தூக்குவாளியைப் பெட்டியின்மேல் வைத்தேன். அன்று எனக்கு மாதவிலக்கின் மூன்றாம் நாள். வீட்டின் பின்கட்டில் ஒதுங்கியிருக்க வேண்டியவள், வேறு ஆளில்லை என்று அம்மா அனுப்பியதால் வந்தவள். அத்தை பார்த்துவிட்டார். மறுநாள் அடுத்த ஊரில் புதுமனை புகுவிழா. பாட்டு நடுவிலே பெட்டி 'கரக்' என்றது, நின்றது. அவ்வளவுதான்! "நேற்று இவள் தொட்டாள், இன்று அது வாயை மூடிக்கொண்டது" என்று தீர்ப்புக் கூறிவிட்டார் அத்தை. பெட்டிக்குக் கற்பூரம் காட்டினர், எலுமிச்சம்பழம் கட்டினர், மஞ்சள் நீர் தெளித்தனர். தாளால் ஆன கூம்புக்கு நீர் பகை என்பதைச் சொல்ல அங்கு ஆளில்லையா? இருந்தார். முக்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி பரண் ஏறிற்று. நான் கடைப்படி ஏறுவது நின்றது. கடையிலே என் வயதுப் பையன்கள் இருவர் எடுபிடிகளாக இருந்தனர். அவர்கள் ஈயம் பற்றவைக்கக் கற்றனர். நான் அவர்களுக்குத் தேநீர் போடக் கற்றேன். சொந்த மகளுக்குச் சொல்லித்தராத தொழிலை ஊரார் பிள்ளைக்குச் சொல்லித்தந்தாரே என்று அந்நாளில் வருந்தினேனா? இல்லை. அதுதான் முறை என்று எண்ணினேன். அடிமைத்தனத்தின் அழகு அதுதானே, அடைபட்டவளுக்கும் அது முறையாகவே தோன்றும்!

சென்ற கோடையில் வீட்டை வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். பழைய இரும்பு வாங்குபவர் வந்தார். கூம்பைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. காந்தத்தைத் தட்டிப் பார்த்து எடைக்கு விலை சொன்னார். அப்பா தலையசைத்துவிட்டார். கடையை மூடி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூடியதற்குக் காரணம் வியாபாரப் போட்டி மட்டுமன்று; அவருக்குக் காது போய்விட்டது.

காது போனதற்கும் ஊரார் ஒரு காரணம் வைத்திருந்தனர். கோயில் பாட்டைப் பாதியிலே நிறுத்திய பாவமாம்! உண்மைக் காரணம் உட்செவியிலே இருக்கிறது. நத்தை ஓடு போன்ற அந்த உறுப்பில், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள். ஒலி வந்து அசைத்தால் அவை நரம்புக்குச் சேதி சொல்லும். பேரொலி நாள்தோறும் மோதினால் அவை சாயும், சாகும். பறவைகளுக்கு அவை மறுபடி முளைக்கும், மனிதனுக்கு முளைப்பதில்லை. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையிலே நாளெல்லாம் உழைப்பவனுக்குக் காப்பு வேண்டும் என்பது மருத்துவம் கண்ட முடிவு. என் தந்தை 30 ஆண்டுகள் குழாயின் கீழே, காதில் பஞ்சுகூட வைக்காமல் இருந்தார். முதலிலே கீச்சொலிகள் போயின. பிறகு 'ச'வும் 'த'வும் போயின. பிறகு நாங்கள் எல்லோரும் போனோம். அவரிடம் பேச வேண்டியவற்றை நான் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்றில் எழுதிக் காட்டுவேன்.

அன்றும் எழுதிக் காட்டினேன்: "விற்க வேண்டா. பள்ளிக்கு வேண்டும்."

பொய்யில்லை. எங்கள் பள்ளியில் இலக்கிய மன்றத் தொடக்க விழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குப் பணமில்லை. 400 மாணவர் அமரும் திறந்த வெளியில், ஒன்பதாம் வகுப்புப் பெண் பேசினால் மூன்றாம் வரிசைக்குமேல் கேட்காது. மாணவியரின் குரல் சன்னம் என்று காரணம் காட்டி, பேச்சுப் போட்டியில் பையன்களையே முன்னிறுத்தும் வழக்கம் ஒன்றும் அங்கே வளர்ந்து வந்தது.

அப்பா சிலேட்டைப் படித்தார், பெட்டியைப் பார்த்தார், "யார் பழுது பார்ப்பது? என் கை நடுங்குகிறது" என்றார்.

"நான்" என்று எழுதினேன். சிரிப்பாரென்று எண்ணினேன். சிரிக்கவில்லை.

ஒலிபெருக்கி என்பது எவ்வளவு எளிய கருவி என்பதை அன்று மாலைதான் அறிந்தேன். ஒரு காந்தம். அதன் நடுவே வளையம்போல ஒரு மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் எதையும் தொடாமல் மிதக்கும் செம்புக் கம்பிச் சுருள். அப்பாவின் மொழியில் 'காயில்'. சுருளோடு ஒட்டிய தாள்கூம்பு. கூம்பின் கழுத்தை நேராகப் பிடித்து நிறுத்த, அப்பளம்போல் நெளிநெளியான துணித்தட்டு. அதன் பெயர் 'ஸ்பைடர்'. மின்னோட்டம் சுருளில் இப்படியும் அப்படியும் பாய, சுருள் முன்னும் பின்னும் துள்ள, கூம்பு காற்றைத் தள்ள, நம் காதுக்குச் சொல் வந்து சேர்கிறது. இதிலே தேவதை எங்கே, தீட்டு எங்கே?

மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தம் தள்ளிச் சுழற்றும் என்பதை 1821இல் செய்து காட்டியவர் மைக்கேல் பாரடே. கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகியவர், கல்லூரி வாயிலை மாணவனாக மிதிக்காதவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு பெற்றார். 1915இல் கிறிஸ்துமசுக்கு முதல் நாள் மாலை, சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின்முன் திரண்ட பெருங்கூட்டத்துக்குப் பேச்சையும் பாட்டையும் குழாய் ஒலிபெருக்கியால் கேட்கச் செய்தனர் ஜென்சனும் பிரிடமும். 1925இல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் தாள்கூம்புக்கு இலக்கணம் வகுத்தனர். எங்கள் பரண்மீது கிடந்த பெட்டி அந்த இலக்கணத்தின் பிள்ளை. மனிதன் தொண்டைக்குத் தூரத்தை வென்று கொடுத்த கருவி இது. எங்களூரில் இதற்கு எலுமிச்சம்பழம் கட்டினோம்!

ஊமைப் பெட்டியைக் கூடத்தில் கிடத்தி, முதுகுப் பலகையின் 12 திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே எலிப் புழுக்கை, பல்லி முட்டை, 13 ஆண்டுத் தூசி. கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். பலகையின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய வரிகள். அப்பாவின் கையெழுத்து. எப்போது திறந்தாலும் நாளும் வேலையும் குறித்து வைப்பது அவர் வழக்கமாம். அதுவரை நான் அறிந்ததில்லை. 1994இல் துணி மாற்றியது, 2003இல் கூம்பு ஓரம் ஒட்டியது, ஆண்டுக்கொரு முறை ஒலிபெருக்கியை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தது. நேராக நிற்கும் கூம்பு தன் கனத்தால் நாளடைவில் கீழே தொய்யும். திருப்பி வைத்தால் தொய்வு சமமாகும். அந்த அரைச் சுற்றை அவர் செய்ததெல்லாம் ஆயுத பூசை நாளில் என்பது தேதிகளிலிருந்து தெரிந்தது. ஊர் சந்தனம் தெளித்துக்கொண்டிருந்தபோது கருவிக்கு உண்மையாகவே நலம் செய்தவர் அவர் ஒருவர்தான்!

கடைசி வரி இது: '2012 சூன் 24. இடக் கம்பி வேரில் அறுந்தது. மாற்ற வேண்டும்.'

நான் அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

கூம்பிலுள்ள சுருளுக்கு மின்சாரம் கொண்டுசெல்ல இரண்டு மென்கம்பிகள் உண்டு. வெறும் செம்புக் கம்பியானால் ஒரு மணி நேரம் தாங்காது. ஆகவே பருத்தி நூலின்மேல் செம்புத் தகட்டிழை சுற்றிப் பின்னியிருப்பர். தவுலின் தாழ்ந்த ஓசை ஒலிக்கும்போது நொடிக்கு 50 முறை கூம்பு துள்ளுகிறது என்று கொண்டால், ஒரு மணி நேரத்தில் அந்தக் கம்பி 1,80,000 முறை வளைந்து நிமிர்கிறது. இப்படி 20 ஆண்டுகள். அறாமல் என்ன செய்யும்? விரலால் தூக்கிப் பார்த்தேன். கூம்போடு சேருமிடத்தில் நூல் மட்டும் நின்றது. செம்பு பச்சை பூத்து அற்றுப் போயிருந்தது. என்மேல் 13 ஆண்டுகள் ஏறி உட்கார்ந்திருந்த தீட்டின் நீளம், அளந்து பார்த்தேன், மூன்று மில்லிமீட்டர்.

சிலேட்டை எடுத்தேன். "அன்றே தெரியுமா?"

படித்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தம் குரல் எவ்வளவு உரக்க வருகிறதென்று தமக்கே தெரியாதவர்களின் குரலில் சொன்னார்:

"அன்று இரவே திறந்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. காலையில் மாற்றலாம் என்று குறித்து வைத்தேன். விடிந்ததும் விழா வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஓட்டைச் சாமானைக் கொடுத்து மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்தினார். உன் அத்தை குறுக்கே வந்து, வீட்டிலே தீட்டுக் கலந்துவிட்டது, அவன் என்ன செய்வான் என்றாள். அவர் அடங்கிவிட்டார். பாதி வாடகையும் கொடுத்தார். கம்பி தேய்ந்ததை நான் முன்னமே பார்த்திருக்க வேண்டும், அம்மா. பார்க்கவில்லை. சொன்னால் பழி என்மேல். சொல்லாவிட்டால்..."

முடிக்கவில்லை.

"அப்படியானால் பிறகாவது பழுது பார்த்திருக்கலாமே?" என்று எழுதினேன். சுண்ணக்கட்டி இருமுறை ஒடிந்தது.

"பார்த்து ஒலிக்க வைத்தால், கம்பிதான் காரணமென்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே!"

தோழர்களே, மூடநம்பிக்கையை அறியாமையின் குழந்தை என்று கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கியவள் நான். எவ்வளவு எளிதாகப் பேசிவிட்டேன்! இதோ, அறியாமை எள்ளளவும் இல்லாத ஒருவர். காரணம் அறிந்தவர், அறிந்ததைப் பென்சிலால் எழுதியும் வைத்தவர். எழுதிய பலகையை உட்புறமாகத் திருப்பி, 12 திருகாணி போட்டு முடுக்கிவிட்டார். வாடிக்கைக்காரருக்கு மானம் காக்கப்பட்டது, அத்தைக்கு அதிகாரம் காக்கப்பட்டது, அப்பாவுக்குத் தொழில் காக்கப்பட்டது. காக்கப்படாதவள் ஒரு சிறுமி. தீட்டு என்ற சொல் எத்தனை பேருக்கு உதவியிருக்கிறது பாருங்கள்! அறியாதவனுக்கு அறிவு புகட்டலாம். அறிந்தும் ஆதாயம் கருதி வாய் மூடி நிற்பவனை என்ன செய்வது?

சினம் மூண்டது. எழுந்து கொல்லைப்புறம் போனேன். கிணற்றடியில் நின்றபோதுதான் வேறொரு நினைவு வந்து என் சினத்தின் காலைப் பிடித்து இழுத்தது.

கல்லூரியில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வணிகம்' என்று எழுதினேன். தோழியர் கேட்டால் 'மின்பொருள் வணிகம்' என்பேன். இரண்டாம் ஆண்டில் கல்லூரி ஆண்டுவிழா. மண்டபத்தில் ஒலிபெருக்கி அமைக்க, ஒப்பந்தம் எடுத்தவரிடம் அன்றைக் கூலிக்கு ஆளாக வந்தவர் என் தந்தை. காக்கிக் காற்சட்டை, தோளிலே கம்பிச் சுருள். நான் தோழியர் நால்வரோடு அந்த வழியே வந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் மேடைத் திரையின் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே கடந்து போனேன். அவர் குனிந்து கம்பி சுற்றத் தொடங்கினார். மாலையில் அதே மேடையில், அவர் பொருத்திய மைக் முன்னே நின்று, தொழிலால் எவரும் தாழ்ந்தவரில்லை என்று நான் பேசினேன். கைதட்டல் கிடைத்தது. மேடைக்குப் பின்னாலிருந்தும் யாரோ தட்டினார்கள்.

கூடத்துக்குத் திரும்பினேன். சிலேட்டைத் துடைத்து, 'கல்லூரி மண்டபத்தில் அன்று நான்' என்று எழுதினேன். முடிக்கு முன்னே அவர் கை வந்து அழித்துவிட்டது. "நான் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன், யாரையும் பார்க்கவில்லை" என்றார். அது பொய். நாங்கள் இருவரும் அந்தப் பொய்யைச் சுற்றி நடந்து, பெட்டியருகே போய் உட்கார்ந்தோம்.

வேலை மூன்று வாரம் நடந்தது. பள்ளி விட்டு வந்து விளக்கு வைத்தபின் இரண்டு மணி நேரம்.

முதலில் கம்பி. விடைத்தாள் திருத்தும் பணிக்குச் சென்னை சென்றவள், ரிச்சி தெருவிலே பின்னல் கம்பி ஒரு முழம் வாங்கி வந்தேன். கடைக்காரர் எதற்கென்று கேட்டார், சொன்னேன், "அண்ணனை அனுப்பியிருக்கலாமே, மேடம்" என்றார். எனக்கு அண்ணன் இல்லை என்றேன். பற்றவைப்பதில் முதல் இரண்டு நாள் விரலைத்தான் சுட்டுக்கொண்டேன். சூடு மூன்று நொடிக்குமேல் நின்றால் கூம்பிலுள்ள பசை உருகிவிடும். குறைந்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டு நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா விரலால் தரையைத் தட்டி நொடி எண்ணினார். மல்டிமீட்டரை வைத்தால் 6 ஓமுக்குச் சற்று மேலே காட்டியது. 8 ஓம் என்று பொறித்த ஒலிபெருக்கிக்கு அதுதான் சரி; பொறிக்கப்படுவது மாறுமின்னோட்டத்துக்கு உரிய எண். சுருள் உயிரோடிருக்கிறது! இத்தனை ஆண்டும் உயிரோடிருந்ததுதான், பேச வழியில்லாமல்.

ஆயினும் ஓசை வந்தபோது உடன் ஒரு சுரண்டலும் வந்தது. படுத்தே கிடந்ததால் கூம்பு தொய்ந்து, சுருள் ஒரு பக்கம் இரும்பை உராய்ந்தது. உராய்வு எந்தப் பக்கம்? எனக்குக் கேட்டது, எங்கே என்று தெரியவில்லை. அப்பாவுக்குக் கேட்கவே இல்லை. அவர் இரு கட்டைவிரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து, மெல்ல, மிக மெல்ல அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். "இடப்பக்கம், கீழே. நாலு மணி காட்டும் முள்ளுக்கு எதிர்ப்புறம்" என்றார். காது கைவிட்டவருக்கு விரல் நுனியிலே காது முளைத்திருந்தது. பிறகு என் விரல்களை வைக்கச் சொன்னார். முதலில் ஒன்றும் புரியவில்லை. பத்தாம் முறையோ பதினைந்தாம் முறையோ, மணல் ஒன்று உருள்வதுபோல ஒரு நெருடல், இடப்பக்கம், கீழே. அப்போது எனக்கு உண்டான மகிழ்ச்சி, பட்டம் வாங்கிய நாளில் உண்டாகவில்லை.

நடுமூடியை மெல்லிய கத்தியால் அறுத்து எடுத்தோம். நெளிதுணி ஒட்டியிருந்த பழம்பசையை அசிட்டோன் விட்டு இளக்கினோம். இடைவெளிக்குள் இரும்புத் துகள்; ஊதினால் போகாது, காந்தம் விடாது. அட்டைக் கீற்றில் ஒட்டு நாடாவைச் சுற்றி உள்ளே விட்டு, பல் துலக்குவதுபோல் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். சுலபமாக இருக்குமே, காந்தத்தையே கழற்றிவிடலாமே என்றேன். அப்பா பதறினார். அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு, இரும்பு கலந்து வார்த்த அந்தக் காலத்துக் காந்தம் அது. கூட்டைவிட்டுப் பிரித்தால் தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடும். மறுபடி காந்தமேற்ற எங்களூரில் கருவி இல்லை. எதைக் கழற்றலாம் என்பதைப் போலவே எதைக் கழற்றக் கூடாது என்பதும் தொழில்.

சுருளை நட்டநடுவே நிறுத்த, சுருளுக்கும் நடுத் தண்டுக்கும் இடையே சமமான கனமுள்ள கீற்றுகளைச் சொருக வேண்டும். அப்பா ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே அந்த டூரிங் டாக்கீசில் ஓடி அறுந்த படச்சுருள் துண்டுகள்! எந்தப் படமோ, எந்த நடிகரோ, கைவிளக்கில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை, முகம் வெளிறிவிட்டது. கனம் மட்டும் மாறவில்லை. நான்கு கீற்றுகளை நான்கு திசையில் சொருகி, துணியை ஒட்டி, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் வைத்து, கீற்றுகளை உருவினோம். விரல் வைத்தேன். நெருடல் இல்லை.

கூம்பின் ஓரத்தை எலி கடித்திருந்தது. காற்றாடித் தாளை வெட்டி ஒட்டினோம். நடுப்பகுதிக் கிழிசலுக்கு நீர் கலந்த வெள்ளைப் பசை. ஓரத்துக்கு அது ஆகாது, இறுகினால் கூம்பு அசையாது. அங்கே சைக்கிள் பஞ்சர் ஒட்டும் ரப்பர் பசையை மெல்லியதாகப் பூச வேண்டும். ஓட்டை பெரிதென்று தடித்த தாள் வைத்தேன். அப்பா பிய்த்து எறிந்தார். "கனம் கூடினால் குரல் மாறும்" என்றார்.

அது உண்மை என்பதை உளறுவாய்ப் பெட்டி காட்டியது. அதன் சுருள் கருகிவிட்டிருந்தது. பழுது பார்க்க ஒன்றுமில்லை. சுருள், கூம்பு, துணி மூன்றும் புதிது. கிடைத்த புதுக் கூம்பு சற்றுத் தடிப்பு. ஓசை வந்தது, குற்றமில்லை. ஆனால் இரட்டையரில் ஒருவருக்குக் குரல் உடைந்ததுபோல, பழையதன் கனிவு அதில் இல்லை. ஒற்றுமை வேண்டும் என்று நல்ல கூம்பையும் கிழித்துவிட்டு இரண்டிலும் புதியதைப் போடலாமா என்று ஒரு நாள் எண்ணினோம். வேண்டா என்று விட்டோம். பழையது என்பதற்காகப் போற்ற வேண்டியதில்லைதான். நன்றாக இருப்பதை, பழையது என்பதற்காகக் கிழிக்க வேண்டியதும் இல்லையே. இரு குரலாகவே இருக்கட்டும்.

இறுதிச் சோதனைக்கு, ஒன்றரை வோல்ட்டு மின்கலம் ஒன்றை இரண்டு பெட்டிக்கும் சேர்த்து இணைக்கச் சொன்னார் அப்பா. இரு கூம்புகளிலும் ஒவ்வொரு கையாக உள்ளங்கையைப் பதித்தார். கம்பியைத் தொட்டேன். "ஒன்று தள்ளுகிறது, ஒன்று இழுக்கிறது" என்றார். புதிய சுருளின் முனைகளை நான் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். அப்படியே விட்டிருந்தால் ஒன்று தள்ளிய காற்றை மற்றொன்று உறிஞ்சி, தாழ்ந்த ஓசையெல்லாம் திறந்த வெளியில் செத்திருக்கும். முனைகளை மாற்றினேன். மறுபடி தொட்டேன். இரண்டும் சேர்ந்து அவர் கைகளைத் தள்ளின. எடுக்கவில்லை, சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார்.

விழாவன்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேசினாள். கடைசி வரிசைக்குக் கேட்டது. மதிலுக்கு வெளியே தேநீர்க் கடையிலும் கேட்டதாம். அத்தையும் வந்திருந்தார். பெட்டியைக் கண்டு, "இது அந்தப் பெட்டிதானே?" என்றார். "அதேதான், அத்தை. கம்பி அறுந்திருந்தது" என்றேன். அப்பா பக்கத்தில் நின்றார். நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம், கம்பிதான். அன்றே தெரியும் எனக்கு" என்று, மேடைவரை கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

முதுகுப் பலகையை இன்னும் முடுக்காமல் வைத்திருந்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் பென்சிலை என்னிடம் நீட்டினார். 2012ஆம் ஆண்டு வரியின் கீழே நாளும் திங்களும் குறித்து, இடக் கம்பி மாற்றியது, சுருள் நடு நிறுத்தியது, ஓரம் ஒட்டியது என்று எழுதி, என் பெயரையும் எழுதினேன். கைவிளக்கைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பென்சிலை வாங்கி, நான் எழுத மறந்த ஆண்டைச் சேர்த்தார். சேர்த்துவிட்டு, திருகாணி டப்பாவை என் பக்கம் தள்ளினார்.